கிரெனடா: ஜாதிக்காய்க் காசும் பாஸ்போர்ட் காசும்

கரீபியத் தீவு நாடான கிரெனடாவின் தேசியக் கொடியில், கம்பத்தை ஒட்டிய பச்சை முக்கோணத்துக்குள் வாய் பிளந்த ஒரு ஜாதிக்காய் இருக்கிறது. மஞ்சள் தோல், உள்ளே சிவப்பு. 1974 பிப்ரவரி 7 அன்று பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது ஏற்றிய கொடி அது. மலைக் கிராமங்களில் பள்ளிச் சீருடையும் மண்ணெண்ணெயும் அந்தக் காயை விற்ற காசில் வாங்கிய காலம். இன்று நாட்டின் மொத்த வருமானத்தில் ஜாதிக்காயின் பங்கு மிகச் சிறியது. அந்த இடத்தை ஒரு மருத்துவப் பல்கலைக்கழகமும், கடற்கரை ஓட்டல்களும், பாஸ்போர்ட் விற்பனையும் பிடித்திருக்கின்றன. பணம் முன்னைவிடக் கூடுதலாகத்தான் வருகிறது. ஆனால் எத்தனை கைகளுக்கு நேராகப் போய்ச் சேர்கிறது என்று பார்த்தால் கணக்கு வேறு. இந்தத் தீவைப் புரிந்துகொள்ள அந்த வேறுபாடுதான் சரியான வாசல் என்பது என் எண்ணம்.

டிரினிடாடுக்கு வடக்கே இருக்கும் எரிமலைத் தீவு இது. கிரெனடா, கரியாகூ, பெட்டிட் மார்டினிக் மூன்றையும் கூட்டினாலும் 344 சதுர கிலோமீட்டர்தான். மக்கள்தொகை 1.1 லட்சத்துக்குச் சற்று மேல். மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்க வம்சாவளியினர். 1649-ல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள். 1763-ல் தீவு பிரிட்டன் கைக்குப் போனது. அடிமை முறை 1838-ல் முழுதாக முடிந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் போதாமல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். முதல் கப்பலான மெய்ட்ஸ்டோன், கல்கத்தாவிலிருந்து 375 பேரை ஏற்றிக்கொண்டு கிளம்பி, 1857 மே 1 அன்று 287 பேரைக் கரையிறக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் மூவாயிரத்துச் சொச்சம் பேர் வந்தார்கள். டிரினிடாடிலும் கயானாவிலும் போலத் தனிச் சமூகமாக நிற்கும் எண்ணிக்கை அது இல்லை. கிறிஸ்தவர்களாகி, கலந்து, கரைந்துபோனார்கள். ரொட்டியும் கறியும் மட்டும் எல்லார் வீட்டுச் சமையலாகத் தங்கிவிட்டன.

விடுதலையான அடிமைகள் தோட்டத்தை விட்டு மலைச்சரிவுக்குப் போய்ச் சிறு துண்டு நிலம் பிடித்தார்கள். ஜாதிக்காய் தீவுக்கு வந்தது 1843-ல் என்பார்கள். அந்தச் சிறு நிலக்காரனுக்கென்றே செய்ததுபோல ஒரு பயிர். கரும்புக்கு ஆலை வேண்டும். வாழைக்கு உரமும் மருந்தும் வாராவாரம் வரும் கப்பலும் வேண்டும். ஜாதிக்காய் மரம் ஒருமுறை நிலைத்துவிட்டால் அறுபது ஆண்டுகூட நிற்கும். பறிக்க ஏணி வேண்டாம். காய் முற்றித் தானே வெடித்துக் கொட்டை கீழே விழும், பொறுக்கினால் போதும். கிழவியும் பொறுக்கலாம், பள்ளி விட்டு வந்த பிள்ளையும் பொறுக்கலாம். உச்சப் பருவம் என்று சில மாதங்கள் உண்டு என்றாலும் ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விழுந்துகொண்டே இருக்கும். வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 காய் தரும்.

பொறுக்குவது எளிது என்றாலும் காலம் தாழ்த்தக் கூடாது. ஈரத் தரையில் இரண்டு மூன்று நாள் கிடந்த கொட்டையில் பூஞ்சை ஏறிவிடும். கொட்டையைச் சுற்றி வலைபோல ஒட்டியிருக்கும் சிவப்புப் பத்திரியை முழுசாக உரிக்க வேண்டும். கிழிந்தால் தரம் இறங்கும். பத்திரியை வெயிலில் உலர்த்தலாம். அதன் பிறகு இருட்டான மரப்பெட்டிகளில் சில மாதம் வைத்தால் இரத்தச் சிவப்பு வெளுத்து மஞ்சள் கலந்த ஆரஞ்சாக மாறும். வியாபாரிக்கு வேண்டியது அந்த நிறம்தான். எடைக்கு எடை, பத்திரியின் விலை காயின் விலையைவிட அதிகம்.

கொட்டைக்கு வெயில் ஆகாது. பருப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கொழுப்பு. 45 டிகிரியைத் தாண்டினால் அது இளகத் தொடங்கும். பருப்பு நொறுங்கும், மணமும் போகும். அதனால் மேற்குக் கரையில் குவாவ் என்ற மீனவ ஊரில் இருக்கும் பதப்படுத்தும் நிலையத்தில், ஓட்டோடு இருக்கும் கொட்டையை அடுக்கடுக்கான மரத்தட்டுகளில் பரப்பி ஆறு முதல் எட்டு வாரம் நிழலில் காயவைக்கிறார்கள். தினமும் கோரிப் புரட்ட வேண்டும். புரட்டாத மூலையில் ஈரம் தங்கும், அங்கேதான் பூஞ்சை தொடங்கும். காய்ந்ததற்கு அடையாளம் ஓசை: குலுக்கினால் ஓட்டுக்குள் பருப்பு கடகடவென்று ஆடும். பிறகு இயந்திரத்தில் ஓட்டை உடைத்து, பருப்பைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். நல்ல பருப்பு மூழ்கும். வண்டரித்ததும் சூம்பியதும் மிதக்கும். மிதப்பது எண்ணெய் வடிக்கப் போகும். மூழ்கியதை மறுபடி உலர்த்தி, பெண்கள் உட்கார்ந்து கையால் தரம் பிரிப்பார்கள். பவுண்டுக்கு 80 நிற்கும் பெரிய காய் ஒரு குவியல், 110 நிற்கும் சிறியது இன்னொரு குவியல். சணல் சாக்கில் கட்டி, தகர அச்சை வைத்து மையால் பெயர் எழுதிக் கப்பலுக்கு அனுப்புவார்கள்.

இவ்வளவு பாடுபட்டும் சரக்கு திரும்பி வருவது உண்டு. காரணம் அஃப்லாடாக்ஸின் என்ற பூஞ்சை நச்சு. ஜாதிக்காயில் பி1 வகை நச்சு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்த அஃப்லாடாக்ஸின் 10 மைக்ரோகிராம், அதற்கு மேல் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. கண்ணுக்குப் பூஞ்சை தெரியாத காயிலும் அந்த அளவு இருக்கலாம். தொடக்கம் பெரும்பாலும் நிலையத்தில் இல்லை, மரத்தடியில். வாரம் ஒருமுறை பொறுக்கும் விவசாயியின் ஒரு சாக்கு, தினமும் பொறுக்கியவர்களின் பத்துச் சாக்கோடு கலந்தால் மொத்தமும் கெட்டது.

விலைக்கும் வாங்குவதற்கும் பொறுப்பு கிரெனடா கூட்டுறவு ஜாதிக்காய்ச் சங்கம். 1947-ல் தொடங்கியது. விவசாயி கொட்டையைக் கொண்டுவந்தவுடன் பவுண்டுக்கு இவ்வளவு என்று முன்பணம். ஆண்டு முடிவில் விற்றதில் மிஞ்சியதை அவரவர் கொடுத்த எடைக்கு ஏற்ப போனஸ். வாராவாரம் கைச்செலவுக்கு முன்பணம், கூரைக்கும் பள்ளிக்கும் போனஸ் என்று ஊர் அதற்குப் பழகியிருந்தது. 2004 புயலுக்கு முன் சுமார் 7,000 விவசாயிகள் இந்தச் சங்கத்தை நம்பி இருந்தார்கள். 1.1 லட்சம் பேர் உள்ள நாட்டில் 7,000 பேர் என்றால் ஏறக்குறைய எல்லாச் சொந்தத்திலும் ஒருவராவது. 1987-ல் இந்தோனேசிய வியாபாரிகளோடு சேர்ந்து விலையைத் தூக்கிப் பிடிக்கும் ஒப்பந்தம் ஒன்றும் போட்டார்கள். அன்று உலகச் சந்தையில் இந்தோனேசியா முதலிடம், கிரெனடா இரண்டாமிடம். இருவரும் சேர்ந்தால் விலை நிற்கும் என்பது கணக்கு. சில ஆண்டு நின்றது. பிறகு இந்தோனேசியப் பக்கம் ஒப்பந்தத்துக்கு வெளியே சரக்கு கசிய, சரிந்தது.

2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் புயல் வந்தது. 39 பேர் இறந்தார்கள். பத்தில் ஒன்பது வீடு சேதம். இழப்பு நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல இருமடங்கு. ஜாதிக்காய் மரங்களில் பத்தில் ஒன்பது போயின. இந்த மரத்தின் வேர் ஆழம் போகாது. மலைச்சரிவின் ஈர மண்ணில் மேலாகப் பரவும். மேலே இலை அடர்ந்த கனத்த குடை. நிழலுக்கு நின்ற பெரிய மரங்கள் முதலில் முறிந்து இவற்றின் மேல் விழுந்தன; மிச்சத்தை வேரோடு பெயர்த்தது காற்று.

நடுவதற்குத் தடை விதை இல்லை, காலம்தான். விதையிலிருந்து வளர்த்தால் முதல் காய்க்கு ஐந்து முதல் எட்டு ஆண்டு, முழு விளைச்சலுக்குப் பதினைந்து முதல் இருபது. போதாததற்கு ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதைக் கன்றில் ஏறக்குறையப் பாதி ஆண். எது எது என்று பூக்கும்வரை தெரியாது. ஆறாண்டு தண்ணீரும் களையெடுப்பும் கொடுத்துவிட்டு, ஆண் என்று தெரிந்த மரத்தை வெட்ட வேண்டும். பத்துப் பெண் மரத்துக்கு ஓர் ஆண் போதும். இதைத் தவிர்க்க, காய்க்கும் மரத்தின் கிளையில் பட்டையை வளையமாகச் சீவி ஈரப் பாசி கட்டும் பதியமும், இளங்கன்றில் ஒட்டுக் கட்டுவதும் உண்டு. பெண் என்பது முன்கூட்டியே உறுதி, காய்ப்பும் சீக்கிரம். குறை என்னவென்றால், பக்கக் கிளையிலிருந்து எடுத்தது நிமிராமல் படர்ந்தே வளரும். பதியக் கன்றுக்கு ஆணிவேர் கிடையாது, காற்றில் சாய அதுவே போதும். ஒட்டு எடுப்பவர்கள் நேராக எழும் தளிரைத் தேடுவது இதனால்தான்.

அன்று ஐம்பதைத் தாண்டிய விவசாயி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கோகோ நட்டார். அது மூன்று நான்கு ஆண்டில் காய்த்துவிடும். அவர் மகன் வீடுகட்டும் வேலைக்குப் போனான். புயலுக்குப் பிந்தைய தீவில் தச்சனுக்கும் கொத்தனுக்கும் நல்ல கூலி. விழுந்த மரங்களை அறுத்து அகற்றவே ஆள் கிடைக்காமல் பல தோட்டங்கள் காடாகின. புயலுக்கு முன் ஆண்டுக்கு 2,000 டன்னைத் தாண்டிய விளைச்சல் சில நூறு டன்னாகச் சுருங்கியது. பழைய அளவு இன்றுவரை திரும்பவில்லை.

அந்த வெற்றிடம் ஐவனுக்கு முன்பே வேறொன்றால் நிரம்பத் தொடங்கியிருந்தது. தெற்கு முனையில் இருக்கும் செயின்ட் ஜார்ஜ் பல்கலைக்கழகம் 1976-ல் நிறுவப்பட்டது. அமெரிக்காவில் மருத்துவ இடம் கிடைக்காத மாணவர்களுக்கான தனியார் கல்லூரியாகத் தொடங்கி, நாட்டின் ஆகப் பெரிய பொருளாதார நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்துவிட்டது; கொரோனாவுக்கு முன் உற்பத்தியில் ஐந்தில் ஒரு பங்கை அதோடு இணைத்துச் சொல்வார்கள். அரசியலிலும் அதற்கு ஒரு பங்கு உண்டு. 1979 மார்ச் 13 புரட்சியில் ஆட்சியைப் பிடித்த மாரிஸ் பிஷப், 1983 அக்டோபர் 19 அன்று தன் சொந்தக் கட்சிக்காரர்களிடமே சிக்கிச் சுட்டுக்கொல்லப்பட்டார். ஆறு நாள் கழித்து அமெரிக்கப் படை இறங்கியபோது, சொன்ன காரணங்களில் ஒன்று அந்தக் கல்லூரி மாணவர்களின் பாதுகாப்பு. கியூபா கட்டுகிறது என்று அமெரிக்க அதிபர் ரீகன் கண்டித்த விமான ஓடுபாதையில்தான் இன்று அமெரிக்க உல்லாசப் பயணிகள் இறங்குகிறார்கள். 2009 முதல் அதற்கு மாரிஸ் பிஷப் பன்னாட்டு விமான நிலையம் என்று பெயர்.

மாணவருக்கு வீட்டை வாடகைக்கு விடுபவர், டாக்ஸி ஓட்டுபவர், சூப்பர் மார்க்கெட்காரர் என்று தெற்கே பணம் புழங்கும். வடக்கே செயின்ட் மார்க்கிலும் செயின்ட் பேட்ரிக்கிலும் அதன் சூடு தெரிவதில்லை. 2020-ல் மாணவர்கள் ஊர் திரும்ப, கப்பலும் விமானமும் நிற்க, பொருளாதாரம் சுமார் 14 விழுக்காடு சுருங்கியது.

பாஸ்போர்ட்டை, அதாவது குடியுரிமையையே, பணத்துக்கு விற்கும் இப்போதைய திட்டம் 2013-ல் தொடங்கியது. 2024 நிலவரப்படி அரசு நிதிக்குக் குறைந்தது 2,35,000 அமெரிக்க டாலர் கொடுக்க வேண்டும். அல்லது அங்கீகாரம் பெற்ற கட்டுமானத் திட்டத்தில் அதைவிடக் கூடுதலாக முதலீடு செய்ய வேண்டும். பக்கத்துத் தீவுகளும் இதை விற்கின்றன. கிரெனடாவின் தனிச் சரக்கு, அமெரிக்காவோடு 1989 முதல் நடப்பில் இருக்கும் முதலீட்டு ஒப்பந்தம். கிரெனடா குடிமகன் அமெரிக்காவில் தொழில் நடத்த இ-2 விசா கேட்கலாம். இந்தியாவுக்கு அந்த ஒப்பந்தம் இல்லை என்பதால் இந்தியப் பணக்காரர்களிடம் முகவர்கள் இதைச் சொல்லியே விற்கிறார்கள். அவர்கள் மெதுவான குரலில் சொல்லும் இரண்டு விஷயங்கள்: இந்தியா இரட்டைக் குடியுரிமை ஏற்காது, இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்தே ஆக வேண்டும்; 2022 டிசம்பரில் வந்த அமெரிக்கச் சட்டப்படி, பணம் கொடுத்துக் குடியுரிமை பெற்றவர் இ-2 கேட்கும் முன் அந்த நாட்டில் தொடர்ந்து மூன்றாண்டு வசித்திருக்க வேண்டும். அரசுக்கு இந்த வருமானம் சாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கடனடைப்புக்கும் உதவுகிறது, மறுக்க முடியாது. ஆனால் லண்டனிலோ பிரஸ்ஸல்ஸிலோ ஒரு கையெழுத்தில் நின்றுவிடக்கூடிய வருமானம். 2023 ஜூலையில் பிரிட்டன் டொமினிக்காவின் விசா விலக்கை ரத்து செய்ததை இத்தீவுகள் எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

கடன் விஷயத்தில் மட்டும் இச்சிறு நாடு பெரிய நாடுகளுக்குப் பாடம் எடுக்கலாம். ஐவனுக்குப் பின் ஒருமுறையும் 2013-ல் இன்னொரு முறையும் கடன் தவணையை நிறுத்த நேர்ந்தது. 2015-ல் கடன்காரர்களோடு பேசி முடித்தபோது புதிய பத்திரங்களில் ஒரு ‘புயல் விதி’யைச் சேர்த்தார்கள்: பெரும்புயல் அடித்து இழப்பு குறித்த அளவைத் தாண்டினால் தவணையைத் தள்ளிப்போடலாம், தள்ளுபடி இல்லை, பின்னால் சேர்த்துக் கட்ட வேண்டும். 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கரியாகூவை மோதியது. ஆகஸ்டில் கிரெனடா அந்த விதியைப் பயன்படுத்தியது. உலகில் முதல் நாடு அதுதான். 2007-ல் தொடங்கிய கரீபியப் பேரிடர்க் காப்பீட்டு நிதியிலிருந்தும் 4 கோடி டாலருக்கு மேல் வந்தது. அந்த நிதி சேதத்தை நேரில் போய் அளப்பதில்லை. காற்றின் வேகம், புயலின் பாதை ஆகியவற்றைக் கணினி மாதிரியில் போட்டு இழப்பைக் கணக்கிட்டு இரண்டு வாரத்துக்குள் அனுப்பிவிடும். வேகம் அதன் பலம். மாதிரிக் கணக்கும் தரையில் நடந்ததும் பொருந்தாமல் போகும் புயலில் கை விரிக்க நேர்வது பலவீனம்.

கரியாகூவில் ஆறு கிடையாது. கூரையில் விழும் மழையைக் குழாய் வழியே வீட்டுத் தொட்டிக்குள் விடுகிறார்கள். பெரில் அங்கும் பெட்டிட் மார்டினிக்கிலும் ஏறக்குறைய எல்லாக் கட்டடத்தையும் சேதப்படுத்தியபோது கூரையோடு குடிதண்ணீரும் போயிற்று. கூரை போவதற்குப் பழகிய காரணங்கள் உண்டு. வராந்தாவின் கூரையை வீட்டின் கூரையோடு ஒரே நீட்டாகப் போடுவார்கள். காற்று வராந்தாவுக்குள் புகுந்து தூக்கும்போது மொத்தமும் சேர்ந்து பெயரும். வராந்தாவைத் தனிக் கூரையாக வைத்தால் அது மட்டும் போகும். இரண்டு சரிவுக் கூரையைவிட நான்கு பக்கமும் சரியும் கூரை தாங்கும். தகரத்துக்கு ஆணியைவிட ஸ்க்ரூ நல்லது. ஓரத்திலும் முகட்டிலும் நெருக்கமாக அடிக்க வேண்டும், இழுப்பு அங்கேதான் அதிகம். கைமரத்தைச் சுவரின் மேல் உத்தரத்தோடு பிணைக்கும் இரும்புப் பட்டையில் எல்லாத் துளைக்கும் ஆணி வேண்டும். அவசரத்தில் பாதி அடித்து விடுவதுதான் வழக்கம்.

வீட்டைத் திருப்பிக் கட்டக் காசு எங்கிருந்து வரும்? பலருக்குக் காப்பீடு இல்லை. நிலம் பாட்டனார் பேரில், பிரிக்காமல், உயில் இல்லாமல் கிடக்கும். குடும்ப நிலம் என்பார்கள். பட்டா இல்லாததால் வங்கி அடமானம் தராது. அடமானம் இல்லாதவரைக் காப்பீடு எடுக்கச் சொல்லி யாரும் வற்புறுத்துவதும் இல்லை. கைகொடுப்பவர்கள் புரூக்ளின், டொராண்டோ, லண்டன் உறவினர்கள். தீவில் இருப்பவர்களைவிட வெளியே இருக்கும் கிரெனடியர்கள் அதிகம் என்பார்கள். டாலர் அனுப்புவார்கள், கிறிஸ்துமஸுக்கு அரிசி, எண்ணெய், சோப்பு, செருப்பு திணித்த பீப்பாயைக் கப்பலில் போடுவார்கள். உள்ளூரில் சூசூ உண்டு: நம் ஊர்ச் சீட்டு மாதிரி, ஏலமும் கழிவும் இல்லாமல், முறை வைத்து மொத்தத்தை எடுப்பது. நிறுவனம் வேண்டும் என்பவர்களுக்குக் கடன் சங்கங்கள்.

ஆகஸ்ட் திருவிழாவில் உடம்பெல்லாம் கறுப்பெண்ணெய் பூசி, தலையில் கொம்பு, காலில் சங்கிலியோடு ஜாப் ஜாப் ஆடுவதும், ஊர் கூடி ஒரே பானையில் ஆயில் டவுன் சமைப்பதும் இந்தச் சமூகத்தின் இரண்டு முகங்கள். ஆயில் டவுனுக்கு உப்பிட்ட இறைச்சி, அதன் மேல் கறிப்பலா, பச்சை வாழைக்காய், மாவுருண்டை, மேலே கீரை என்று அடுக்கி, மஞ்சள் கலந்த தேங்காய்ப் பாலை ஊற்றி மூட வேண்டும். கரண்டி போட்டுக் கிளறினால் கறிப்பலா கூழாகிவிடும். பால் வற்றி எண்ணெய் அடியில் தங்கியதும் இறக்குவார்கள். விளையாட்டிலும் இந்த ஊர் சளைக்கவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தங்கம் வென்ற கிரானி ஜேம்ஸ் குவாவ்காரர். நீரஜ் சோப்ராவை 2022 உலகப் போட்டியில் இரண்டாமிடத்துக்குத் தள்ளிய ஈட்டி வீரர் ஆண்டர்சன் பீட்டர்ஸும் இந்தத் தீவுதான்.

ஜாதிக்காய்க்கு இனி என்ன? மிகக் கடும் புயல் வந்த ஆண்டுகள் 1955, 2004, 2024. முதல் இடைவெளி 49 ஆண்டு, அடுத்தது 20. மரம் முழு விளைச்சலுக்கு வரும் காலமும் அந்த இருபதுக்குள்தான் அடங்குகிறது. பெரில் வடக்குப் பாரிஷ்களின் (மாவட்டங்களின்) தோட்டங்களையும் தொட்டதால், ஐவனுக்குப் பின் நட்டுக் காய்க்கத் தொடங்கிய மரங்கள் சிலவும் போயின. காயையும் பத்திரியையும் மூட்டையாக அனுப்புவதைவிட, எண்ணெய், வலிநிவாரணத் தைலம், பழத்தோலில் ஜாம், மதுபானம் என்று உள்ளூரிலேயே மதிப்பைக் கூட்டலாம் என்று நெடுநாளாகப் பேச்சு. செய்தும் காட்டியிருக்கிறார்கள், 2013-ல் தலைமை ஆளுநரான செசில் லா கிரெனேட், அப்படியொரு குடும்பத் தொழிலை நடத்திய உணவு விஞ்ஞானி. ஒட்டுக் கன்றும் நாற்றங்காலில் வாங்கலாம். ஆனால் கன்றை நட நிலம் வேண்டும். மரம் விழுந்த பாதித் துண்டு குடும்ப நிலம், பெயருக்குரியவர் புரூக்ளினில், பொறுக்கிப் பிழைக்கும் சித்தப்பா மகனுக்கு அங்கே நிரந்தர மரம் வைக்கும் உரிமை உண்டா என்பதில் ஏழு பங்காளிக்கும் ஏழு கருத்து. அவர் வாழை வைக்கிறார். ஒன்பது மாதத்தில் தார் வெட்டிவிடலாம்.